இன்ஜின் போய்விட்டது: வேலை பார்ப்பதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மழையில் நின்றுபோன கார், நெடுஞ்சாலையில் சூடாகி நின்ற கார், வேகத்தடையில் அடிவாங்கி ஆயில் முழுக்கக் கொட்டிய கார் என்று காரணம் எதுவானாலும், உரிமையாளர் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: இருக்கிற இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வாங்கி மாட்டுவதா? தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

மெக்கானிக் "இன்ஜின் போச்சு சார்" என்கிறார். உடனே என்ன செய்ய வேண்டும்?

எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். முதலில் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது? அது ஏன் போனது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்கிற எந்த வேலையும் வீண். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டதால் சூடாகி இன்ஜின் போயிருந்தால், அதே ரேடியேட்டரோடு புது இன்ஜினை மாட்டினாலும் அதுவும் போகும். ஆயில் பம்ப் அழுத்தம் கொடுக்காமல், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால், புது பேரிங்கும் அதே கதிதான்.

"இன்ஜின் போச்சு" என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் மட்டும் எரிந்திருக்கலாம். வால்வு வளைந்திருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கலாம். பேரிங் போய், அதில் சுழலும் கிராங்க் தண்டு கீறியிருக்கலாம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். முதலாவதற்கு ஹெட்டை இறக்கினால் போதும். கடைசியில் சொன்னது நடந்திருந்தால் அந்த பிளாக்கை மறந்துவிட வேண்டியதுதான்.

தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது வண்டி பட்டென்று நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெரும்பாலான கார்களில் இன்ஜினுக்குள் காற்று போகும் வாய் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்தை எட்டினாலோ, எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அங்கே அடித்தாலோ, காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கும்போது அந்த விசை முழுவதும் கனெக்டிங் ராடில் இறங்குகிறது. ராடு வளைகிறது. குறைந்த வேகத்தில் நின்ற வண்டியில் ராடு தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பதற்றத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட்டரை அடித்தால் தப்பிய ராடையும் வளைத்துவிடலாம்.

செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அங்கே பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே பீய்ச்சும். தடங்கல் இல்லாமல் முழுச் சுற்று சுற்றினால் நல்ல அறிகுறி. அப்புறம் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

லேசாக வளைந்த ராடுதான் உண்மையான ஆபத்து. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். சில மாதம் கழித்து ஒருநாள் நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கை உடைக்கும். அன்றைக்கு வேலை பார்க்கும் வழியே இல்லாமல் போய்விடும். அதனால் தண்ணீர் குடித்த இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் ராடு வளைந்திருக்கிறது.

ஓட்டவே இல்லை. நிறுத்தி வைத்திருந்த கார் வெள்ளத்தில் மூழ்கியது. இன்ஜின் போயிருக்குமா?

ஓடாத இன்ஜினில் ராடு வளையாது. தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கும். நாள் ஆக ஆக சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் திறந்து சுத்தம் செய்தால் பல இன்ஜின்கள் பிழைத்துவிடும். இப்படி மூழ்கிய காரில் பெரிய செலவு வைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, வயரிங், ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சீட், தரைவிரிப்பு இவைதான். இருக்கை மட்டம் வரை தண்ணீர் ஏறிய காருக்கு இன்ஜின் கணக்கை மட்டும் போட்டு முடிவெடுப்பது தவறு.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடிபட்ட வேளச்சேரிக்காரர்கள், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சிலர் குறை சொன்னாலும், ஒருமுறை இன்ஜினை இறக்கிப் பார்த்தவர்களுக்கு அவர்கள் செய்தது புரியும்.

இன்ஷூரன்ஸ் பணம் தருமா?

சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு உண்டு. ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட சேதத்தை, "பின்விளைவுச் சேதம்" என்று சொல்லி நிறுவனங்கள் தள்ளுபடி செய்வது வழக்கம். ஜீரோ டெப்ரிசியேஷன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உதிரி பாகங்களின் தேய்மானக் கழிவைத்தான் பார்த்துக்கொள்ளும். இதற்கென்று தனியாக "இன்ஜின் புரொடெக்ட்" என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்களிலும் தாழ்வான பகுதிகளிலும் இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டமாகக் கணக்கிடப்படும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் எஸ்டிமேட் வந்தால், வண்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது நல்லதா என்று யோசியுங்கள்.

இன்ஜினைப் பிரிக்காமலே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் நேராக இறக்கிவிடும் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கெட் அல்லது ஹெட் மேல் சந்தேகப்பட வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கூலண்ட் தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு. எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்தால் அது மஞ்சளாக மாறிவிடும்.

அடுத்தது கம்ப்ரெஷன். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும்; டீசலில் இதைவிட மிக அதிகம், 350க்கு மேல். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மூன்று சிலிண்டர் 170 காட்டி ஒன்று மட்டும் 90 காட்டினால் பிரச்சினை அந்த ஒன்றில். பெட்ரோல் இன்ஜின் என்றால், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

லீக்-டவுன் சோதனை இதைவிடத் தெளிவாகச் சொல்லும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டு எங்கே கசிகிறது என்று காது கொடுக்க வேண்டும். ஆயில் குச்சித் துளையில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

சூடாகி நின்ற வண்டிக்கு "கேஸ்கெட் மாத்தினா போதும்" என்கிறார்கள். போதுமா?

சில நேரம் போதும், பல நேரம் போதாது. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். சூட்டில் அது வளையும். நேர்விளிம்புப் பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பல இன்ஜின்களுக்கு அனுமதி 0.05 மி.மீ. அளவுதான். தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் (சீவிச் சமமாக்குவது) செய்ய வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதிகம் சீவினால் கம்ப்ரெஷன் ஏறி வேறு தொல்லை வரும். ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனையும் கட்டாயம். ஹெட் போல்ட் பல மாடல்களில் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அதில் மிச்சம் பிடித்தவர்கள் இரண்டாவது முறை கேஸ்கெட் மாற்றுகிறார்கள்.

சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்த பிறகும் "அடுத்த பெட்ரோல் பங்க் வரை போயிடலாம்" என்று ஓட்டியிருந்தால் கேஸ்கெட்டோடு நிற்காது. பிஸ்டன் உரசி சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கும். ஹெட்டை இறக்கும்போது விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் போர் வேலை (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) இருக்கிறது.

ஒரு வார்த்தை கூலண்ட் பற்றி. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். இறக்குகிற ஹெட்டின் தண்ணீர்த் துளைகளில் அந்த அரிப்பைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆயில் சம்ப் அடிபட்டு ஆயில் கொட்டிவிட்டது. விளக்கு எரிந்தும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டோம்.

இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பை இறக்கி பேரிங்குகளைப் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தாலோ, சம்பில் உலோகப் பொடி மின்னினாலோ கிராங்கை அளந்தே ஆக வேண்டும். உள்ளிருந்து "டொக் டொக்" சத்தம் வந்தால் இனி ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

"ஹாஃப் இன்ஜின் வேலை", "ஃபுல் இன்ஜின் வேலை" என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பொதுவாக ஹாஃப் என்றால் ரிங் செட், பேரிங் செட், வால்வு கிரைண்டிங், கேஸ்கெட் செட். ஃபுல் என்றால் அதோடு போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஆயில் பம்ப், டைமிங் செட் எல்லாம். ஆனால் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் ஒவ்வொரு அர்த்தத்தில் சொல்கிறது. சில இடங்களில் பிளாக்கோடு வரும் பாதி அசெம்பிளிக்கே ஹாஃப் இன்ஜின் என்று பெயர். அதனால் அந்தச் சொல்லை வைத்து விலை பேசாதீர்கள். எந்தெந்தப் பாகம், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள்.

தேய்ந்து முட்டை வடிவமான சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டுக் கொடுக்கும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்குப் புகை நிற்கும், அப்புறம் திரும்ப வரும். கூலி இரண்டு முறை போகும்.

லேத்தில் கொடுக்கும்போது நாம் என்ன கேட்க வேண்டும்?

வேலை பார்த்த இன்ஜின் எத்தனை நாள் ஓடும் என்பது மெக்கானிக்கின் கையைவிட லேத்காரரின் அளவுகோலில்தான் அதிகம் இருக்கிறது. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். கிராங்க் ஜர்னல்களையும் (பேரிங்கில் சுழலும் பகுதிகள்) அப்படியே. அந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டாம்.

கிராங்கை பொதுவாக 0.25, 0.50 மி.மீ. என்ற படிகளில் குறைப்பார்கள். அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் சந்தையில் கிடைக்க வேண்டும். பிஸ்டனுக்கும் இதே கதை. முதலில் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பிஸ்டனையே கையில் கொடுத்து அதை அளந்து போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஓவர்சைஸ் வராத மாடல் என்றால் புது லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் உருளை) இறக்கி ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவரலாம். அது எல்லா பிளாக்குக்கும் ஒத்துவராது.

டைமிங் பெல்ட் அல்லது செயின் அறுந்துவிட்டது. இன்ஜின் முழுக்கப் போயிற்றா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலான இன்றைய இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டும் மோதாமல் நேரம் பொருத்தி ஓட்டுவது இந்த பெல்ட் அல்லது செயின்தான். டைமிங் தவறினால் மோதும், வால்வு வளையும். ஆனால் கீழே இருக்கும் கிராங்கும் பிளாக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் வந்த 1248 சிசி டீசல் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். அதில் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் செயினும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தளர்கின்றன. செயின் தாவிய வண்டிகளில் வால்வைத் தள்ளும் ராக்கர்கள் மட்டும் உடைந்து மற்றவை தப்பியதும் உண்டு. இன்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவரைத் திறந்து பார்க்காமல் முழு இன்ஜின் விலை பேச வேண்டாம். 2020-ல் மாருதி டீசலை நிறுத்திவிட்டாலும், இத்தனை மாடல்களில் ஓடிய இன்ஜின் என்பதால் பாகங்கள் கிடைக்கின்றன.

சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம், பார்த்து வாங்கினால். நல்ல பக்கம்: இரண்டு மூன்று நாளில் வண்டி ஓடும், விலை முன்கூட்டியே தெரியும். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய காரிலிருந்து கழற்றிய இன்ஜின், நம்முடைய தேய்ந்த இன்ஜினைவிட எவ்வளவோ மேல். கெட்ட பக்கம்: அதன் முன்கதை யாருக்கும் தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இன்ஜினும் அதே அடுக்கில்தான் இருக்கும்.

வாங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து கரிய பிசின் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வைத்துத் தரையிலேயே கம்ப்ரெஷன் எடுக்க முடியும். எடுத்துக் காட்டுகிற கடையில் வாங்குங்கள். இன்ஜின் நம்பர் அடித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் கோணலாக மறுபடி அடித்தது போலத் தெரிந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நம்பர் போட்ட பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியும் பில்லிலேயே எழுதப்பட வேண்டும்.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பி.எஸ்.3, பி.எஸ்.4 என்ற மாசு விதிகளுக்கு ஏற்ப வண்டிகளில் சென்சாரும் இன்ஜெக்டரும் மாறும். டீசலில் இன்ஜெக்டர் குறியீடுகளை ஈ.சி.யூ.வில் பதிய வேண்டிவரும். மாட்டும் முன்பே டைமிங் செட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது இவற்றுக்குத் தனிக் கூலி அதிகம் ஆகாது.

கம்பெனியிலிருந்தே புது இன்ஜின்?

வாரண்டி, இன்ஷூரன்ஸ் இருந்தாலோ, வண்டி ரொம்பப் புதிதாக இருந்தாலோ அதுதான் சிறந்த வழி. கைக்காசு போட்டு எட்டு, பத்து வருட வண்டிக்குப் புது இன்ஜின் என்பது கணக்குக்கு வராது.

இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் பதிவான விவரம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே அங்கே போய் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்கப் போங்கள். வண்டியில் கடன் இருந்தால் வங்கியிடமும், எப்படியும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். நம்பர் பொருந்தாத வண்டியில் விபத்து நடந்தால் இழப்பீடு சிக்கலாகும். இருக்கிற இன்ஜினையே வேலை பார்ப்பதில் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அதுவே பெரிய லாபம்.

சரி, எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

பலர் பழுதுச் செலவை வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடுகிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. ஒப்பிட வேண்டியது, ஓடுகிற வண்டியின் விலைக்கும் ஓடாத வண்டியின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தோடு.

உதாரணத்துக்கு, உங்கள் கார் ஓடினால் 3 லட்சம் போகும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிற்கிற நிலையிலேயே ஒருவர் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்குக் கேட்கிறார். அப்படியானால் உங்கள் எல்லை 1 லட்சத்து 90 ஆயிரம். எஸ்டிமேட் 90 ஆயிரம் என்றால், திறந்த பிறகு வரும் கூடுதல் வேலைக்குக் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 1 லட்சத்து 15 ஆயிரத்துக்குள் முடிகிறது. வேலை பார்ப்பதே லாபம். எஸ்டிமேட்டே 1 லட்சத்து 70 ஆயிரம் வந்தால், கால் பங்கு சேர்த்ததும் எல்லையைத் தாண்டிவிடும். வண்டியை நிற்கிற நிலையிலேயே கொடுத்துவிடலாம்.

இதில் மற்ற பாகங்களையும் பாருங்கள். கியர்பாக்ஸ், ஏ.சி., சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிற, தரைத்தகடு துரு பிடிக்காத வண்டிக்கு எல்லையைக் கொஞ்சம் தாண்டிக்கூடச் செலவு செய்யலாம். அதே பணத்துக்கு வாங்கும் இன்னொரு பழைய காரை யார் எப்படி ஓட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வண்டிக்கு 15 வருடம் நெருங்குகிறது என்றால் மறுபதிவுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். நான்கைந்து வருடம் என்றால் நல்ல லேத்தில் முழு வேலை. ஒரு வருடத்துக்குள் விற்கும் எண்ணம் என்றால் முழு வேலைக்குப் போட்ட பணம் திரும்ப வராது.

எந்த நிலையில் இருக்கிற இன்ஜினை வேலை பார்க்கவே கூடாது?

பிளாக் உடைந்திருந்தால், மெயின் பேரிங் உட்காரும் இடம் கீறி வரிசை தவறியிருந்தால், ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போர் அடித்திருந்தால். பிளாக்கை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் தினம் ஓட்டும் காரைக் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு வேறு இன்ஜின், அல்லது விற்பனை.

வேலை முடிந்து வண்டி வந்துவிட்டது. எப்படி ஓட்டுவது?

கழற்றிய பழைய பாகங்களையும் லேத் அளவுத் தாளையும் முதலில் கேட்டு வாங்குங்கள். முதல் 1,000 கி.மீ. வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டாம். அதே சமயம் ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு படியும். ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடுவது ரிங்குக்கு நல்லதல்ல. 500 கி.மீ. ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 1,000-ல் இன்னொரு முறை. வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். லேசான மினுமினுப்பு முதல் முறை இருக்கலாம். இரண்டாம் முறையும் இருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் போங்கள். இந்த 1,000 கி.மீ. முடியும்வரை காலையில் கிளம்பும் முன் ஆயில் குச்சியையும் கூலண்ட் மட்டத்தையும் பார்த்துவிட்டு எடுங்கள்.